களரிக்குள் வரும் பெண்

(தன்னாமுனையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவளைப் பேசக் கூப்பிட்டால் கூத்தைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். கூத்தைப் பற்றியும் பேசுவேன். ஆனால் நான் எடுத்துக்கொண்ட விஷயம் உங்கள் பிள்ளைகளின் கைக்குள் இருக்கிறது. ரியூஷன் முடிந்து வந்து, சாப்பிட்டு, விளக்கணைத்த பிறகும் அந்தக் கைக்குள் வெளிச்சம் தெரிகிறதே, அந்த வெளிச்சத்துக்குள் ஒரு நாடு இருக்கிறது. தன்னாமுனையிலும் மயிலம்பாவெளியிலும் ஏறாவூரிலும் உள்ள பிள்ளைகள் ரீலோட் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இரவும் அந்த நாட்டுக்குப் போய்வருகிறார்கள். அங்கே பெண் எப்படி நடத்தப்படுகிறாள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

தாய்மாருக்காக முதலில் ஒரு விளக்கம். இந்த விளையாட்டுகளில் பிள்ளை வெறுமனே பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதில்லை. தனக்கொரு உருவத்தைத் தெரிவுசெய்கிறது. ஆணா பெண்ணா, முகம் எப்படி, முடி எப்படி, வில்லா வாளா மந்திரமா என்று தீர்மானிக்கிறது. ஒரு பேரும் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஆயிரம் பேர் நடமாடும் இடத்துக்குள் இறங்குகிறது. பேசலாம், எழுதலாம், கூட்டுச் சேர்ந்து சண்டைபோடலாம். வேடம் கட்டி ஆடும் விளையாட்டு இது. ஆட்டம் விடியும்வரை போகும் என்பதிலும் நம் கூத்துக்கு ஒத்தது.

வேடம் கட்டி ஆடும் இந்த வகைக்கு வேர் அமெரிக்காவில், கணினியில் அல்ல, மேசையில். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தாயக்கட்டை உருட்டி, கதையை வளர்த்துக்கொண்டு போவார்கள். பாத்திரத்தின் பலம், அறிவு, சாமர்த்தியம் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. 1978இல் அதன் விரிவான விதிப்புத்தகம் வந்தபோது ஒரு அட்டவணை சேர்ந்தது. மனித இனத்து ஆண் பாத்திரம் பலத்தில் உச்ச எண்ணைத் தொடலாம். பெண் பாத்திரம் அதற்குக் கீழே ஒரு படியில் நின்றுவிட வேண்டும். அதற்குமேல் தாயக்கட்டை என்ன சொன்னாலும் செல்லாது.

அந்த விதியை யோசித்துப் பாருங்கள். அது பறவைநாகம் நெருப்புக் கக்குகிற உலகம். செத்தவன் எழும்பி வருவான், சுவருக்குள்ளால் நடப்பான். அதையெல்லாம் நம்பச் சொன்ன புத்தகம், ஒரு பெண் ஆணளவுக்குப் பலசாலி என்பதை மட்டும் நம்ப மறுத்தது. இயற்கை அப்படித்தான் என்று அன்று சமாதானம் சொன்னவர்கள் இருந்தார்கள். நாகத்துக்கு விலக்குக் கொடுத்த இயற்கை பெண்ணுக்கு ஏன் கொடுக்கவில்லை? எழுதியவர்கள் அப்படி எழுதினார்கள், அவ்வளவுதான். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விதி இல்லை. ஒரு கை எழுதியது, இன்னொரு கை அடித்தது. இன்றைய பேச்சு முழுவதற்கும் எனக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

மேசையிலிருந்து இந்த விளையாட்டு கணினிக்குப் போனது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் 1978இல் தொடங்கிய ‘மட்’ பலர் சேர்ந்தாடும் இன்றைய வேட விளையாட்டுகளுக்கு ஒரு முன்னோடி. அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்து. பிறகு 1997இல் ‘அல்ட்டிமா ஓன்லைன்’, 1999இல் ‘எவர்குவெஸ்ட்’, 2004இல் ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்று படமும் நிறமும் வந்தன. பல இலட்சம் பேர் ஒரே உலகத்தில் நடமாடத் தொடங்கினார்கள்.

படம் வந்ததும் உடுப்பு வந்தது. இதைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’டில் கறுப்பு நிறத்தில் ஒரு காற்சட்டை உண்டு. தையற்காரப் பாத்திரம் தைத்துக் கொடுக்கும், சந்தையில் வாங்கலாம். பொருள் ஒன்று, பேர் ஒன்று, விலையும் ஒன்று, அது தரும் காவலும் ஒரே அளவுதான். ஆண் பாத்திரம் போட்டால் கணுக்கால்வரை மூடிய காற்சட்டை. அதையே பெண் பாத்திரம் போட்டால் தொடைக்குமேல் வெறுமையாய் விட்டு, வார் கட்டி இழுத்துப் பிடித்த நீளக் காலுறை. விளையாடுகிறவள் இதைக் கேட்கவில்லை. அவள் கேட்டது சண்டைக்கு ஒரு காற்சட்டை. வரைந்தவர் மனதில், அந்த உடலைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவன் ஒரு ஆண் என்ற எண்ணம் இருந்திருக்கிறது. அந்த உடலுக்குள் நின்று ஒரு பெண் விளையாடுவாள் என்ற எண்ணம் இருக்கவில்லை.

கவர்ச்சிக்காக வரைவது ஒரு பக்கம், வரையவே மறுப்பது இன்னொரு பக்கம். 2014 ஜூனில் யுபிசொஃப்ட் நிறுவனத்திடம், அதன் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’யில் நான்கு பேர் சேர்ந்து ஓன்லைனில் ஆடும்போது ஒருவர்கூடப் பெண்ணாக ஆட முடியாதது ஏன் என்று கேட்டார்கள். பெண் உருவத்துக்கு அசைவுகளையும் உடுப்புகளையும் தனியாகச் செய்ய வேண்டும், வேலை இரட்டிப்பாகும் என்று பதில் வந்தது. அதே நிறுவனத்தில் முன்பு அசைவுக்கலைக்குப் பொறுப்பாக இருந்த ஜொனதன் கூப்பர், அது ஓரிரு நாள் வேலை என்று வெளிப்படையாக எழுதினார். பெண்ணுக்கு ஒதுக்க முடியாமல் போனது அந்த ஓரிரு நாள்தான்.

தென் கொரியாவில் நடந்தது இதைவிட மோசம். 2016 ஜூலையில், நெக்சன் நிறுவனம் வெளியிட்ட ‘குளோசர்ஸ்’ என்ற ஓன்லைன் வேட விளையாட்டில் ஒரு பெண் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த கலைஞர் கிம் ஜா-யோன், தான் வாங்கிய ஒரு டீ-சேர்ட்டின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டார். பெண்பிள்ளைகளுக்கு இளவரசன் ஒருவன் தேவையில்லை என்ற கருத்து அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அந்த உடுப்பை விற்றது ஒரு பெண்ணியக் குழு. ஆண் விளையாட்டாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த நாளே நிறுவனம் அவருடைய குரலை நீக்கிவிட்டு வேறொருவரைப் போட்டது. செய்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் குரல் போனது. திரையிலிருக்கும் பெண் வாள் வீசலாம், பாயலாம், எதிரியை வெட்டலாம். அவளுக்குக் குரல் கொடுத்த உயிருள்ள பெண் ஒரு டீ-சேர்ட்டை விரும்பக் கூடாது.

இனி நம்முடைய கூத்துக் களரிக்கு வருவோம். நம் வீட்டுக் குப்பையை மறைத்துவிட்டு அயலாரைக் குற்றம் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

மட்டக்களப்புக் கூத்து, வடமோடியாக இருக்கட்டும் தென்மோடியாக இருக்கட்டும், நெடுங்காலம் ஆண்களின் களரி. பாஞ்சாலியும் சுபத்திரையும் மண்டோதரியும் ஆண்கள். பெண்ணுக்கு வட்டக்களரிக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும் இடம்தான். கதையிலும் குறை உண்டு. தமிழர் எல்லோருக்கும் தெரிந்த அல்லியின் கதையை எடுங்கள். மதுரையை ஆண்ட அரசி, ஆண் துணை வேண்டாமென்று இருந்தவள், படை நடத்தியவள். அவளை அருச்சுனன் போரில் வென்றானா? இல்லை. பாம்புருவெடுத்துப் படுக்கைக்குள் புகுந்து, உறங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டினான். அதைக் கேட்டு எத்தனை தலைமுறை சிரித்திருக்கிறது. உறக்கத்தில் கட்டிய தாலியைச் சம்மதம் என்று கொள்ளப் பழகிய காது நம்முடையதும்தான்.

ஆனாலும் கூத்துக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. அதை இந்தப் பிள்ளைகள் அறிய வேண்டும். சட்டங்கொடுக்கும் நாளில் இன்னார்க்கு இன்ன பாத்திரம் என்று, கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் ஊரறியக் கொடுப்பார். பெண் வேடத்தை வாங்கினவன் அன்றிலிருந்து மாதக்கணக்கில் அந்தப் பெண்ணின் ஆட்டத்தைப் பழக வேண்டும். பெண் பாத்திரத்துக்குக் களரிக்குள் நுழையும் வரவாட்டம் வேறு, தாளக்கட்டு வேறு, கால் வைக்கிற விதம் வேறு. பாஞ்சாலி சபையில் நின்று நியாயம் கேட்கும் இடத்தில் அவன் பாடுவது அவளுடைய பாட்டு. அங்கே அவன் இளித்தால் அண்ணாவியாரின் மத்தளம் நின்றுவிடும். பகலில் வலை இழுக்கிறவனும் வயலில் நிற்கிறவனும் இரவில் ஒரு பெண்ணின் அவமானத்தைத் தன் தொண்டையால் பாடிப் பழகினான். அவனுக்கு அது ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ஓன்லைன் விளையாட்டிலும் ஆண்கள் பெண் வேடம் கட்டுகிறார்கள், தெரியுமா? நிறையப் பேர் கட்டுகிறார்கள். ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’டில் 375 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆண்களில் 23 சதவீதத்தினர் பெண் பாத்திரமாக ஆடினார்கள். பெண்களில் ஆண் பாத்திரமாக ஆடியவர்கள் 7 சதவீதம். ஏன் என்று கேட்டால் பல ஆண்கள் சொல்லும் பதில், மணிக்கணக்காகப் பின்னாலிருந்து பார்க்கப்போகிற உருவம் அழகாக இருக்கட்டுமே என்பது. அந்த வேடத்தைக் கொடுக்க அண்ணாவியார் இல்லை, பழக்க ஆளில்லை, சுற்றியிருந்து பார்க்க ஊரில்லை. உடல் கிடைக்கிறது. அந்த உடலுக்குரியவளின் பாட்டு கிடைப்பதில்லை. எனக்கு இதில்தான் கோபம். ஆண் பெண் வேடம் போடுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, நம் கலையே அப்படி வளர்ந்தது. வேடம் கட்டினால் அவளுடைய பாடும் தெரிய வேண்டும் என்கிறேன்.

அந்தப் பாடு என்ன? அமெரிக்காவில் ‘ஹாலோ 3’ என்ற விளையாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மாதிரியான வசனங்களை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவுசெய்து வைத்துக்கொண்டு ஆட்டத்துக்குள் போனார்கள். சில ஆட்டங்களில் குரலே இல்லாமல் போனார்கள். வணக்கம் சொல்வது, நல்ல ஆட்டம் என்று பாராட்டுவது போன்ற சாதாரணப் பேச்சுத்தான். பெண் குரலுக்கு வந்த வசை, ஆண் குரலுக்கும் குரலில்லாத ஆட்டத்துக்கும் வந்ததைப் போல மூன்று மடங்கு. 2013இல் அச்சேறிய ஆய்வு இது. 2015இல் அதே விளையாட்டை வைத்து வந்த இன்னோர் ஆய்வு, யார் திட்டுகிறார்கள் என்று பார்த்தது. நன்றாக ஆடுகிறவர்கள் பெண் குரலோடு மரியாதையாகத்தான் பேசினார்கள். தோற்றுக்கொண்டிருந்தவர்கள்தான் அவள்மேல் பாய்ந்தார்கள். தம்பிமாரே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் ஒரு பெண்ணைத் திட்டுகிறவன் தன் வீரத்தைக் காட்டவில்லை, தன் தோல்வியைக் காட்டுகிறான்.

தொலைவில் நடந்த ஆய்வு நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். என் மாணவி ஒருத்தி ‘ஃப்ரீ ஃபயர்’ ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அது துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, கதை குறைவு. என்றாலும் வேடமும் கூட்டமும் குரலும் அதிலும் உண்டு. அவள் நான்கு பேர் கொண்ட அணியில் ஆடினாள். ஆண் உருவம், ஆண் பேர். மற்ற மூவரும் பேசிக்கொண்டே ஆட, இவள் மட்டும் எழுத்தில் பதில் போட்டாள். கட்டை விரல்கள் சுடவும் வேண்டும், ஓடவும் வேண்டும், எழுதவும் வேண்டும். எழுதுகிற அந்தக் கணத்தில் எதிரி வந்து சுட்டுவிட்டான்.

“மைக்கை ஏன் மகள் மூடி வெச்சிருக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“குரல் கேட்டா அவ்வளவுதான் டீச்சர். எங்க இருக்கா, நம்பர் தா, படம் அனுப்பு எண்டு துடங்கிருவானுகள். இல்லாட்டி தூசணம்.”

“வீட்டில சொன்னீங்களா?”

“சொன்னா போனைப் பறிச்சிருவாங்க.”

அந்தப் பிள்ளை இரண்டு பேருக்குப் பயந்து விளையாடுகிறது. ஒன்று திரைக்குள் இருக்கிறவனுக்கு, மற்றது வீட்டிலிருக்கும் நமக்கு. அவளைவிட நன்றாகக் குறிபார்ப்பவர்கள் அந்த அணியில் இருக்கவில்லை. அணியில் ஒரு பெண் இருந்தாள் என்பது அந்த மூன்று பையன்களுக்கும் இன்றுவரை தெரியாது. பெண்பிள்ளைகள் இதெல்லாம் விளையாடுவதில்லை என்று அவர்கள் சொல்லித் திரிவார்கள். எப்படித் தெரியும்? இருக்கிறவள் ஒளிந்திருக்கிறாளே!

இது வெறும் விளையாட்டு, திரையில் வருகிற எழுத்து, இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1990இல் அமெரிக்காவில் பாவெல் கேர்ட்டிஸ் என்ற ஆய்வாளர் ‘லாம்ப்டாமூ’ என்ற எழுத்து உலகத்தைத் தொடங்கினார். பெரிய வீடு ஒன்று, அறைகள், தோட்டம், எல்லாம் வசனங்களாக. அங்கே ஆண்களே அதிகம் என்றும், பெண் உருவில் வருகிறவர்களில் பலர் ஆண்கள் என்றும், பெண் உருவில் வந்தால் தொந்தரவு கூடுதல் என்றும் 1992இலேயே அவர் எழுதியிருக்கிறார். 1993 மார்ச்சில் ஒரு இரவு, அந்த வீட்டின் வரவேற்பறையில் பலர் கூடியிருந்தார்கள். மிஸ்டர் பங்கிள் என்ற பேரில் வந்த ஒருவன், மற்றவர்களின் பாத்திரங்கள் ஏதோ செய்வதாகத் தானே எழுதக்கூடிய ஒரு கருவியைப் பயன்படுத்தி, அங்கிருந்த பாத்திரங்கள் மீது பாலியல் வன்முறை நிகழ்வதாக எல்லோர் கண்முன்னும் வரி வரியாக ஓடவிட்டான். பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பதைத் தாங்களே தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பாதிக்கப்பட்ட ஒரு பாத்திரத்தின் பின்னால் இருந்த பெண், அடுத்த நாள் அதைப் பற்றி எழுதும்போது கண்ணீர் வழிந்தது என்று ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளரிடம் சொன்னார். டிபெல் அதே ஆண்டு டிசம்பரில் ‘வில்லேஜ் வொய்ஸ்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரையால்தான் உலகம் இதை அறிந்தது.

எழுத்துத்தானே என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் அந்த உலகத்தவர்கள் ஒரு நாள் ஓர் அறைக்குள் கூடினார்கள், முப்பது பாத்திரங்கள் அளவில். என்ன தண்டனை, யார் கொடுப்பது, ஒரு பாத்திரத்தை அழிப்பது மரண தண்டனைக்குச் சமமா என்றெல்லாம் மணிக்கணக்காக விவாதித்தார்கள். முடிவு வரவில்லை. கடைசியில் நிருவாகிகளில் ஒருவர் தன் பொறுப்பில் பங்கிளின் கணக்கை அழித்தார். ஊரைக் கேட்காமல் ஒருவர் முடிவெடுப்பது சரியா என்ற கேள்வி எழும்பியது. அதன் விளைவாகக் கேர்ட்டிஸ், விளையாடுகிறவர்களே மனுக்கொடுத்து வாக்களித்து விதி செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இனிமேல் சமூகப் பிரச்சினைகளில் தலையிட மாட்டோம் என்று சில மாதங்களுக்கு முன் கைகழுவியிருந்த நிருவாகம் அது. அதை ஒரு பெண்ணின் முறைப்பாடு திருப்பி அழைத்தது.

நான் இதை உயர்வாக மதிக்கிறேன். முப்பது ஆண்டுக்கு முன், படமில்லாத ஒரு விளையாட்டில், ஊர் கூடி நியாயம் பேசியது. இன்று கோடிக்கணக்கில் வருமானம் காணும் நிறுவனங்களிடம் அந்த ஊர்க்கூட்டம் இல்லை. ‘முறைப்பாடு’ என்ற ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் என்ன நடந்தது என்று பெரும்பாலும் தெரியவராது.

நிறுவனங்களின் உள்வீடும் பேசவேண்டியதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’டைச் செய்த அக்டிவிஷன் பிளிசார்ட் மீது 2021 ஜூலையில் கலிபோர்னியா மாநிலம் வழக்குப் போட்டது. பெண் ஊழியருக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு, பணியிடத்தில் தொந்தரவு என்பவை குற்றச்சாட்டுகள். 2023 டிசம்பரில் ஏறத்தாழ 5.4 கோடி டொலருக்கு இணக்கம் கண்டது. பரவலான தொந்தரவு நடந்ததாக எந்த நீதிமன்றமும் உறுதிசெய்யவில்லை என்பதும் அந்த இணக்கத்தில் பதிவானது. வழக்கு வந்த ஆண்டிலேயே விளையாட்டுக்குள் சுவரில் தொங்கிய பெண்ணின் ஓவியம் ஒன்றை எடுத்துவிட்டுப் பழக்கிண்ணத்தை மாட்டினார்கள். பெண்ணின் படத்தை எடுத்துவிட்டால் பெண்ணுக்கு மரியாதை வந்துவிடும் என்று நினைப்பது தவறு. பெண்கள் கேட்டது படத்தை எடுக்கும்படி அல்ல, வேலையில் சம இடம்.

இதைப் பற்றி மேடையேறிப் பேசுவதற்கே விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுகளில் பெண் பாத்திரங்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று தொடர் காணொளிகள் செய்த அனிட்டா சர்க்கீசியன், 2014 ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு சொற்பொழிவு நிகழ்த்த இருந்தார். வந்தால் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று மின்னஞ்சல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி மண்டபத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் உரையை இரத்துச் செய்தார். நான் இங்கே பயமில்லாமல் நின்று பேசுகிறேன். அதற்காக இந்த ஊருக்கு நன்றி.

மாற முடியுமா? முடியும். கூத்தே சாட்சி. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவற்றைப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோனபோது, விடியவிடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துக்குள் வந்தது. கூத்து கெட்டுப்போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள், கெடவில்லை. அந்த இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை முழுமையாக ஆராய்ந்து எழுதினார். அடுத்த தலைமுறையில் சி. ஜெயசங்கர், சீலாமுனை மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்ற வேலையைத் தொடங்கினார். அதில் அறிஞர் ஒருவர் மேலிருந்து திருத்தி எழுதிக்கொடுக்கவில்லை. ஆடுகிறவர்களும் அண்ணாவியாரும் பார்க்கிறவர்களும் உட்கார்ந்து, இந்தக் கதையில் பெண்ணை இப்படிச் சொல்வது சரியா, சாதியை இப்படிச் சொல்வது சரியா என்று பேசிப் பேசி மாற்றினார்கள். ஆட்டமும் தாளமும் அப்படியே இருக்க, கதைக்குள் பெண்ணின் இடம் மாறியது. இன்று நம் மாவட்டத்தில் பெண்பிள்ளைகள் கூத்தாடுகிறார்கள், பறை அடிக்கிறார்கள். என் வகுப்பில் கிருஷ்ணனாகவும் வீமனாகவும் ஆட முதலில் கை தூக்குவது பெண்பிள்ளைகள்தான்.

விளையாட்டுகளிலும் அப்படி நடக்கத் தொடங்கிவிட்டது. புனேயிலுள்ள நொடிங் ஹெட்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ விளையாட்டின் நாயகி, தம்பியைத் தேடிப் போகும் ஒரு கழைக்கூத்தாடிப் பெண். அவள் ஓடவும் பாயவும் ஏற்ற உடுப்போடு இருக்கிறாள். அதைவிட எனக்கு நெருக்கமானது ‘வெண்பா’. கனடாவின் டொரொன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்த் தாய் ஒருத்தியாக நாம் விளையாடுகிறோம். வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும், தமிழ் பேச வெட்கப்படுகிற மகனோடு வாழ வேண்டும். அடுத்த ஆண்டு அதற்கு பாஃப்டா அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது. சேலை கட்டிய நடுத்தர வயதுத் தாயாக யார் விளையாடுவார்கள் என்று கேட்டிருந்தால், உலகம் முழுவதும் விளையாடியது என்பதுதான் பதில்.

நம் ஊர்களில் இன்னொரு விளையாட்டும் இருந்தது. கண்ணகி சடங்கோடு சேர்ந்த கொம்பு விளையாட்டு. ஊர் இரண்டு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. இரண்டு கொம்புகளைக் கொழுவி, கயிறு கட்டி, இரு பக்கமும் ஆண்கள் இழுப்பார்கள். வசைப் பாட்டும் உண்டு, ஆனால் அம்மன் சடங்கின் எல்லைக்குள். தென்சேரிக்காரன் கண்ணகிக்காக உடம்பைக் கொடுத்து இழுத்தான், வென்றால் ஊர் சுற்றி ஆடினான். பெண்ணின் பக்கம் நின்று இழுத்ததால் எந்த ஆணின் மீசையும் குறைந்துபோகவில்லை. தம்பிமாரே, உங்கள் பாட்டன்மாருக்கு முடிந்தது உங்களுக்கு முடியாதா?

இனிச் செய்ய வேண்டியதை மூன்று தரப்பாரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தாய் தகப்பன்மாரே, பிள்ளை வந்து சொன்னால் போனைப் பறிக்காதீர்கள். பறித்தால் திட்டினவன் விளையாடிக்கொண்டிருப்பான், உங்கள் மகள் வெளியே நிற்பாள். அவன் விரும்பியதும் அதுதான். அதைவிடப் பெரிய நட்டம், அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள். சொன்னதற்கு முதலில் நல்லது மகள் என்று சொல்லுங்கள். பிறகு திரையைப் படம்பிடித்து வைக்கச் சொல்லுங்கள். பேர், நேரம், எழுதியது எல்லாம் தெரியும்படி. விளையாட்டுக்குள்ளேயே முறைப்பாடு போடுங்கள். படம் கேட்டான், மிரட்டினான் என்றால் அது விளையாட்டைத் தாண்டிய குற்றம். வார்த்தையால் செய்கிற பாலியல் தொந்தரவும் குற்றம் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இலிருந்து சொல்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, வளர்ந்த பெண் என்றால் மகளிருக்கான 1938. இரண்டு இலக்கங்களையும் கலண்டரில் எழுதி வையுங்கள்.

ஆசிரியர்களே, கணினி அறையை இடைவேளையில் பையன்கள் நிறைத்துவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது அது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டுங்கள். விளையாட்டைச் செய்கிற வேலையையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அந்தக் கறுப்புக் காற்சட்டையை வரைந்த மேசையில் ஒரு மட்டக்களப்புப் பெண் உட்கார்ந்திருந்தால் அதை வேறுமாதிரி வரைந்திருப்பாள்.

கடைசியாக, பின்வரிசையில் இருக்கும் என் பையன்களே. அணியில் ஒருவன் ஒரு பெண்ணிடம் படம் கேட்கிறபோது மற்ற மூன்று பேரும் பேசாமல் இருக்கிறீர்கள். நீங்கள் கெட்டவர்கள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மௌனம் அவளுக்குக் கேட்கிறது. நாளைக்கு அப்படி நடந்தால் உங்களில் ஒருவர் மைக்கில் “விடு மச்சான், அவ ஆடட்டும்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள்.